கொள்ளும் இடம்

ஆற்றங்கரையில் ஊர் அமைத்து வாழ்தல் தமிழர் தொன்றுதொட்டுக் கைக்கொண்ட வழக்கம். பருக நீரும் பயிருக்கு வளமும் தரும் ஆற்றைத் தாயெனப் போற்றிய மக்கள், அத்தாய் சினந்தெழும் காலமும் உண்டென்பதை மறந்தாரல்லர். ஆதலின் ஊரைக் காக்கும் வழியையும் உடன் எண்ணினர். அவ்வழி யாது? கரையை உயர்த்துதலே காப்பு என்று பலர் கருதுவர். கரை வேண்டுவதே. ஆயினும் வெள்ளம் செல்வதற்கும் தங்குவதற்கும் இடம் விடுதலே முதற்காப்பாகும். திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றன.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனே செல்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவே திருவரங்கம். காவிரி வயல்களுக்கு நீர் ஊட்டுவது. கொள்ளிடமோ மிகைவெள்ளத்தை ஏற்றுக் கடலில் சேர்ப்பது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று அப்பெயருக்குப் பொருள் உரைப்பது எத்துணைப் பொருத்தம்! கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் பெரிதும் அதன்வழியே ஓடிற்று. தஞ்சை வயல்கள் வாடின. அக்குறை நீங்க, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் திட்டப்படி 1836ஆம் ஆண்டளவில் முக்கொம்பில் மேலணை எழுந்தது. பாசனநீர் காவிரிக்கு, மிகைநீர் கொள்ளிடத்திற்கு என்னும் முறை அதனால் உறுதிப்பட்டது.

1924ஆம் ஆண்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்து கரையோர ஊர்களை அலைக்கழித்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் அவ்வச்சம் பெரிதும் தணிந்தது. ஆனால் அணைக்கும் ஓர் எல்லை உண்டு. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் நீர் வழியுமன்றோ? அதுபோலவே, நீர்மட்டம் 120 அடியை எட்டியபின் மேட்டூருக்கு வரும் நீரை அவ்வப்போதே வெளியேற்றியாக வேண்டும். 2018 ஆகஸ்டு மாதத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கன அடி நீர் அங்கிருந்து திறந்துவிடப்பட்டது. அவ்வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடமே தாங்கியது. அம்மாதத்திலேயே மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்தன. திருவரங்கத்தையடுத்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பட்டது. நிகழ்ந்தவற்றிற்குக் காரணம் பல கூறப்படினும், ஒன்று மட்டும் தெளிவு. வெள்ளத்திற்கு விட்ட வழியையும் இடையறாது பேணுதல் வேண்டும். மணலை அளவின்றி அள்ளினால் படுகை தாழும். தூண்களின் அடித்தளம் வெளிப்படும். வெள்ளம் அதனை அரித்துவிடும்.

பேராற்றுக்கு அஞ்சுவோர் சிற்றாற்றை மறத்தலும் உண்டு. 1977 நவம்பரில் புயலோடு வந்த பெருமழையால் திருச்சிராப்பள்ளி நீரில் மூழ்கியது. அன்று கோரையாறு, அரியாறு, குடமுருட்டி ஆகிய சிற்றாறுகள் பெருகி நகருட் புகுந்தன. 2005ஆம் ஆண்டிலும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. பேராறு நிறைந்தோடும்போது சிற்றாறுகளின் நீர் அதனுட் புக இயலாது பின்னோக்கி எதிர்த்து ஏறும். அப்போது ஆற்றங்கரை எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை. ஊருக்குள் பெய்த மழைநீரும் வெளியேற வழியின்றி அக்கரைக்கு உட்புறமே தேங்கிவிடும். உயர்ந்த கரை உடையுமாயின் விளையும் கேடோ அளவிடற்கரியது.

ஆகவே நகருக்கு அருகிலும் 'கொள்ளும் இடங்கள்' வேண்டும். அவையே ஏரிகளும் குளங்களும். மழைநீரைத் தேக்கிச் சிற்றாற்றின் வேகத்தைத் தணிப்பன அவை. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் ஏரிகள் மேடாக்கப்பட்டு வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும்போது, வெள்ளம் வீட்டினுட் புகுந்தது என்று மக்கள் வருந்துகின்றனர். நீரின் வீட்டினுள் முன்னரே புகுந்தவர் யாவர் என்பதை எண்ணிப்பார்ப்போர் சிலரே! வாய்க்கால் ஓரத்தில் குடிசையிட்டு வாழும் வறியவர்க்கு வேறு இடம் இல்லை. அவர்களுக்குப் பிழைப்பிற்கு ஏற்ற அண்மையில் நல்ல மனை தந்தபின் இடம் பெயர்த்தலே அறம். வசதி படைத்தோரின் ஆக்கிரமிப்பை விட்டு, ஏழையின் குடிசையை மட்டும் அகற்றுதல் முறையன்று.

கோடையிலேயே வாய்க்கால்களைத் தூர் வாருதல், மதகுகளைச் சோதித்தல், கரையின் நலிந்த பகுதிகளை வலுப்படுத்தல், தாழ்ந்த பகுதி மக்களுக்கு உரிய காலத்தில் எச்சரிக்கை தருதல் ஆகியன அரசின் கடமைகள். வாய்க்காலில் குப்பை கொட்டாதிருத்தல் ஒவ்வொருவரின் கடமை. ஊரார் ஒன்றுகூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்து என்னும் பழைய முறை, அரசும் மக்களும் இணைந்தே நீர்நிலையைக் காக்க முடியும் என்பதற்குச் சான்றாகும்.

ஆடிப்பெருக்கு நாளில் மக்கள் காவிரிக் கரையில் கூடி, புதுவெள்ளத்திற்கு மலர் தூவி வணங்குகின்றனர். பெருகி வரும் நீரைப் பகையென எண்ணாது மங்கலமென வரவேற்கும் பண்பு அது. ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கே விட்டு வைத்தால்தான் அவ்வழிபாடு பொருளுடையதாகும். இடம் பெற்ற வெள்ளம் ஊரை வாழ்விக்கும். இடம் இழந்த வெள்ளம் ஊரையே தன் இடமாக்கிக்கொள்ளும்.