லில்லஹாமருக்கு வந்த புதியவர்

நோர்வேக்கு வந்து சேர்ந்த ஒருவனின் கதையை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுகின்றோம். சொந்த ஊரில் அவனுடைய உயிருக்கு ஆபத்து. தன் பெயரையும் தொழிலையும் துறந்து, அந்நிய நாட்டில் வேறொரு பெயருடன் வாழவேண்டிய நிலை. ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வடக்கே, பனி மூடிய லில்லஹாமர் நகரை வந்தடைகின்றான். நாவ் அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்குகின்றான். புதிதாய் வந்தோருக்கான வகுப்பிற் பிற நாட்டவரோடு அமர்த்தப்படுகின்றான். ஊரில் தனக்கிருந்த மதிப்பு இங்கே எவர் கண்ணுக்கும் தெரியவில்லை என்பதை உணர்கின்றான்.

'இது எமது கதையல்லவா' என்று வாசகர் பலர் எண்ணக்கூடும். ஆனால் அம்மனிதன் அகதியல்லன். நியூயோர்க் நகரத்துக் குற்றக் கும்பலொன்றைச் சேர்ந்தவன். 'லிலிஹாமர்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகன். அமெரிக்கப் பொலிஸாருக்குச் சாட்சி சொல்ல இசைந்தபின், 1994ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விழாவைத் தொலைக்காட்சியிற் பார்த்து மயங்கிய நினைவில், மறைந்து வாழ இந்நகரைத் தானே தேர்ந்துகொண்டவன். அப்பாத்திரத்தை ஏற்று நடித்த ஸ்டீவன் வான் சான்ட் என்பவரைப் பற்றியே இவ்வாரம் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

1950ஆம் ஆண்டு பிறந்த வான் சான்ட் அடிப்படையில் ஒரு ரொக் இசைக்கலைஞர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'ஈ ஸ்ட்ரீட்' இசைக்குழுவிற் கிற்றார் வாசித்தவர். அக்குழு உலகப் புகழின் உச்சியை எட்டவிருந்த 1984ஆம் ஆண்டளவில், தம் வழியிற் பாடுவதற்காக அதனைவிட்டு விலகினார். தென்னாபிரிக்காவுக்குச் சென்று, அங்கு நிலவிய நிறவெறி ஆட்சியின் கொடுமையை நேரிற் கண்டு திரும்பினார். கறுப்பின மக்களைத் தனிப்பிரதேசங்களுக்குள் ஒதுக்கி, அவற்றைச் 'சுதந்திர நாடுகள்' என்று அவ்வரசு உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. அத்தகைய பிரதேசமொன்றில் அமைந்திருந்த 'சன் சிற்றி' என்னும் உல்லாச விடுதியிற் பாடுவதற்கு மேனாட்டுக் கலைஞர் பலர் பெரும்பணம் பெற்றுச் சென்றுவந்தனர். அங்கே பாடமாட்டோம் என்று உறுதிகூறும் பாடலொன்றை 1985இல் வான் சான்ட் இயற்றினார். மைல்ஸ் டேவிஸ், பொப் டிலன், ஸ்பிரிங்ஸ்டீன் முதலான கலைஞர் பலரை அதில் ஒன்றுசேர்த்தார். அதனாற் கிடைத்த பணம் நிறவெறி எதிர்ப்புப் பணிகளுக்குச் சென்றது. மறுவருடம், ஜனாதிபதி றேகனின் மறுப்பையும் மீறித் தென்னாபிரிக்காவுக்கு எதிரான தடைச் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அச்சூழலை உருவாக்கிய பல குரல்களுள் இப்பாடலும் ஒன்று. வீடிழந்தோரின் வழக்கை இசையில் எடுத்துரைத்தவர் என்ற வகையில், எமக்கு அவர்மீது தனி மதிப்புண்டு.

ஆயினும் கொள்கை வழியிற் சென்றவருக்குச் சந்தையில் இடம் குறுகிற்று. 1990களிற் பல ஆண்டுகள் அவருக்குப் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. 1997இல், 'றாஸ்கல்ஸ்' என்னும் பழைய இசைக்குழுவைக் கௌரவிக்கும் விழாவொன்றில் அவர் நகைச்சுவையாக ஆற்றிய உரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதனைப் பார்த்த டேவிட் சேஸ் என்பவர், தாம் உருவாக்கவிருந்த 'சொப்ரானோஸ்' தொடரில் நடிக்க அவரை அழைத்தார். அதுவரை நடித்தே அறியாத வான் சான்ட், முன்பு தாம் எழுதிய சிறுகதையொன்றிலிருந்த பாத்திரத்தைப் பற்றி அவரிடம் கூற, அதிலிருந்தே சில்வியோ என்னும் பாத்திரம் உருவாயிற்று. 1999இல் அத்தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 48. வேறொரு கலையில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு அவ்வயது அவருக்குத் தடையாகவில்லை.

நோர்வேக்கு அவரைக் கொண்டுவந்ததும் இசையே. 'கொக்ரெயில் ஸ்லிப்பர்ஸ்' என்னும் ஒஸ்லோப் பெண்களின் ரொக் இசைக்குழுவுக்காகப் பேர்கன் நகரில் ஒலிப்பதிவு வேலையில் அவர் ஈடுபட்டிருந்தவேளை, ஐலிவ் ஸ்கொட்வின், ஆன்ன பியோர்ன்ஸ்டாட் என்னும் நோர்வேஜிய எழுத்தாளர் இருவர் அவரை அணுகி, அவரை மனத்திற்கொண்டே தாம் உருவாக்கிய கதையைக் கூறினர். 2012 ஜனவரியில் நோர்வேயின் அரச தொலைக்காட்சியான என்.ஆர்.கே.யில் முதற் பகுதி ஒளிபரப்பானபோது, 50 இலட்சம் மக்கள் வாழ்ந்த இந்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர். அடுத்த மாதமே நெற்பிளிக்ஸ் நிறுவனம் அதனைத் தன் முதலாவது தனித் தொடராக அமெரிக்காவில் வெளியிட்டது. 2014 வரை மூன்று பருவங்களாக 24 பகுதிகள் வெளிவந்தன.

வான் சான்ட் அதில் நடித்ததோடு நின்றுவிடவில்லை. தயாரிப்பிலும் எழுத்திலும் பங்கேற்றார். பின்னணி இசையைத் தாமே அமைத்தார். இறுதிப் பகுதியைத் தாமே இயக்கினார். 2013இல் ஸ்பிரிங்ஸ்டீனின் குழு அவுஸ்திரேலியாவுக்குச் சென்றபோது, படப்பிடிப்புக்காக அவர் நோர்வேயிலேயே தங்க நேர்ந்தது. இறுதிப் பருவத்தில் ஸ்பிரிங்ஸ்டீனே வந்து சிறு பாத்திரமொன்றில் தோன்றினார். முதற் கலையிற் பெற்ற தோழமையும் செவிநுட்பமும் இரண்டாவது கலைக்கு மூலதனமாயின என்பது தெளிவு.

இனி எம் மனத்தை உறுத்திய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கதாநாயகன் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றான். ஊரார் நோர்வேஜிய மொழியில் மறுமொழி சொல்கின்றனர். எவருக்கும் எதுவும் விளங்காமற் போவதில்லை. எமக்கோ நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் மொழித் தேர்வு வாயிற்காவலனாக நிற்கின்றது. அவன் நாவ் அலுவலரை மிரட்டிக் காரியம் சாதித்தால் அது நகைச்சுவை. எம்மவர் அதே அலுவலகத்திற் குரலைச் சற்று உயர்த்தினாற்கூட அது கோவையிற் பதிவாகுமோ என்று அஞ்சுகின்றோம். எல்லாப் புதியவர்களும் ஒரே கதவால் நுழைவதில்லை. அத்தொடரைப் பார்த்து நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். எனினும் அவ்வகுப்பறையில் அவனருகே அமர்ந்திருந்த ஏனையோரின் கதை என்னவென்ற கேள்வி எம்மை விட்டகலவில்லை.

அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்கவர் எம் பிள்ளைகளே. ஒஸ்லோவிற் பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த இராம் ஹக் என்னும் இயக்குநர், தம் இளமையில் நேர்ந்த கொடுமையை அடிப்படையாகக் கொண்டு 2017இற் படமொன்றைத் தந்தார். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று எம் வீடுகளில் நாளும் ஒலிக்கும் கேள்வியே அப்படத்தின் பெயர். ஒஸ்கார் விருதுக்கு நோர்வே தன் சார்பில் அதனையே அனுப்பியது. எம்மினத்தவரான மாயா அருள்பிரகாசம், யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்து, 1986இல் அகதியாக இலண்டன் திரும்பியவர். வான் சான்டுக்கு நேரெதிர்த் திசையில், திரைக்கலை கற்றபின் இசைக்கு வந்து எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்த பாடகியானார். 2018இல் வெளிவந்த அவரைப் பற்றிய ஆவணப்படம், அவர் தம் குடும்பத்தாரையும் உறவினரையும் நெடுங்காலமாகத் தாமே பதிவுசெய்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டே பெரிதும் உருவாக்கப்பட்டது.

பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவேண்டும் என்று பெற்றோர் விரும்புவதிற் பிழையில்லை. எல்லாவற்றையும் இழந்துவந்தவர்கள் நிலையான வருவாயை நாடுவது இயல்பே. ஆனால் பாட்டெழுதும் பிள்ளையை, படமெடுக்க விழையும் பிள்ளையை, 'இது சோறு போடுமா' என்ற ஒற்றைக் கேள்வியால் வாயடைக்கச் செய்யும்போது, எமது வரலாற்றைச் சொல்லக்கூடிய ஒரு வாயையும் அடைத்துவிடுகின்றோம். தம் நாட்டைத் தாமே புதிதாய்ப் பார்ப்பதற்கு, நோர்வேஜிய எழுத்தாளர் இருவருக்கு ஓர் அந்நியனின் கண் தேவைப்பட்டது. அக்கண் எம் வீடுகள்தோறும் உண்டு.

அடுத்த விடுமுறையின்போது, கையிலுள்ள தொலைபேசியை அணைக்கும்படி பிள்ளையிடம் கூறுமுன், அதனை அப்பப்பாவின் முன்னோ அம்மம்மாவின் முன்னோ வைத்து ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஃபின்மார்க்கின் மீன் ஆலையில் முதல் நாள் எப்படிக் கழிந்தது என்பதே போதும். கேட்போர் இல்லாமையாற் பேசாதிருந்தவர்கள் எம்மிடையே பலர் உளர். அவர்களுள் முதியோரின் குரலைப் பதிவுசெய்ய நமக்குள்ள காலமோ சிறிது.