காற்றைக் குத்தினால் பிடி விடாது

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒன்றிய அரசின் திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. பள்ளிக்கு மாதம் ரூ.5,000. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் கராத்தே. பிள்ளைகள் வரிசையில் நின்று காற்றைக் குத்துகிறார்கள். படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியதும் கடமை முடிந்துவிடுகிறது. யாரிடமிருந்து தற்காப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்திடம் பதில் இருக்கிறது. 2021இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,677. நூற்றுக்கு 96 வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்: உறவினர், அக்கம்பக்கத்தார், வேலை கொடுப்பவர். தெரிந்தவன் ஆறடி தள்ளி நின்று சண்டைக்கு அழைப்பதில்லை. பேசிக்கொண்டே நெருங்கி மணிக்கட்டைப் பிடிக்கிறான். கீழே தள்ளி மேலே அமர்கிறான். கையை ஓங்கவும் இடமில்லாத நெருக்கம் அது. அங்கே கைகொடுப்பது மல்யுத்தம், ஜூடோ, ஜூஜுட்சு போன்ற பிடிச்சண்டைகள்தான்.

போடி மலைக்கு வந்து பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குப் போகும் பெண்கள் பகலெல்லாம் குத்தவைத்தே காய் எடுக்கிறார்கள். ஏலக்காய்ச் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கிறது. தலைக்கு மேல் இலை அடர்ந்திருப்பதால் நாலு செடி தள்ளி இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். காலடியில் ஈரச் சருகு, சரிவு. இங்கே காலைத் தூக்கி உதைப்பவள்தான் முதலில் விழுவாள்.

விழுந்த பிறகு என்ன செய்வது? அதுதான் பாடம். மேலே அமர்ந்தவன் கழுத்தில் கை வைத்தால், அந்தக் கையை மார்போடு இறுக்கி, அதே பக்கத்துக் காலை நம் காலால் பூட்ட வேண்டும். குதிகாலை ஊன்றி இடுப்பை எக்கி அந்தப் பக்கமே உருண்டால், ஊன்றிக்கொள்ள வழியில்லாமல் அவன் கவிழ்வான். உடனே எழுந்து ஓட வேண்டும். கத்தி இருந்தாலோ இருவர் வந்தாலோ தரையில் கட்டிப் புரள்வது ஆபத்து. எதிர்க்கிற ஆளோடு பழகினால்தான் இந்தப் பாடம் உடம்பில் ஏறும். 1882இல் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவின் உயிரே அந்தப் பழக்கம்தான்.

நமக்கும் பிடிச்சண்டை புதிதல்ல. சோழன் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் புலவர் சாத்தந்தையார் காட்டுகிறார்: ஒரு கால் மல்லனின் மார்பில், மறு கால் அவன் உபாயங்களைத் தடுத்தபடி. இந்த மண்ணின் வித்தையை விட்டுவிட்டுக் காற்றைக் குத்துகிறோம்!

பயிற்சியால் பலன் உண்டா என்பவர்கள், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2015இல் வெளியான கனடா ஆய்வைப் படிக்கட்டும். 893 மாணவிகள்; ஆபத்தை இனங்காணுதல், தெரிந்தவனையே எதிர்த்தல், உடல் தற்காப்பு என 12 மணி நேரப் பயிற்சி. ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றோரில் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் கிடைத்தோரில் 9.8 சதவீதம். 12 மணி நேரமே ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்றால், மூன்று மாதப் பிடிச்சண்டை என்னதான் செய்யாது?

‘ஆண்களைத் திருத்துங்கள்’ என்பவர்கள் மேடையில் கைதட்டல் வாங்கட்டும். ஆண்கள் திருந்தும்வரை மலையேறும் பெண் யாரை நம்புவாள்? ‘கட்டிப் புரள்வது பெண்பிள்ளைக்கு அழகல்ல’ என்பவர்களுக்குப் பதிலே தேவையில்லை. வல்லுறவு நோக்கத்தோடு தாக்குபவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்புரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு தருகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை.

அதே பணத்தில் கராத்தேயை நிறுத்திவிட்டு, பெண் பயிற்றுநர்களைக் கொண்டு பிடிச்சண்டை கற்றுக்கொடுங்கள். பள்ளியோடு நிற்காமல் தோட்டக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோங்கள். ஐந்தே ஆண்டில் இந்த மலையில் ஒரு பெண்ணின் மேல் கை வைக்க எவனுக்கும் துணிச்சல் வராது.