கழுத்தைத் தொடாதே என்போருக்கு

மின்கிதாரின் கழுத்தை இழைத்து மெலிதாக்குவது பெரும் பாதகம் என்று சொல்லும் கட்சி ஒன்று தென்காசியிலும் குற்றாலத்திலும் கிதார் பழகும் இளைஞரிடையே செல்வாக்கோடு உலவுகிறது. 'செய்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? கையைப் பழக்கு, கருவியைத் தொடாதே' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதை அவர்கள் பணிவு என்று எண்ணுகிறார்கள். நாங்கள் இதை வரலாறு அறியாமை என்கிறோம்.

எங்கள் வட்டத்தில் ஒரு பெண் இருக்கிறார். சிறிய உள்ளங்கை, குட்டையான கட்டைவிரல். தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பதற்காகக் கிதார் கற்கத் தொடங்கியவர். ஆறாவது மாதத்தில் பெருவிரலின் அடியில் வலி. ஆசிரியர் 'பழகிவிடும்' என்றார். வலிதான் பழகியது; வாசிப்பு நின்றது. அவர் கருவியின் கழுத்து, பின்புறம் பருத்து, முதல் மெட்டருகே 23 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. பல கிதார்களில் அந்த இடத்தின் பருமன் 20, 21 மில்லிமீட்டர்தான். இரண்டு மில்லிமீட்டர் என்பது காதில் விழும்போது அற்பம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு மரத்தை மணிக்கணக்கில் பற்றியிருக்கும் கைக்கு அது அற்பமன்று. பருமன் மட்டுமன்று, வளைவும் முக்கியம்: நடுமுதுகு சரியாக இருந்தும் தோள்கள் புடைத்த கழுத்து உள்ளங்கையை முட்டித் தள்ளும்.

செய்தவனுக்குத் தெரியும் என்கிறார்களே, செய்தவன் ஒரே அளவிலா செய்தான்? கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் கிதாரையே பாருங்கள். 1958ஆம் ஆண்டுக் கருவிகள் பருத்த கழுத்துக்குப் பேர்போனவை. 1960இல் வந்தவை மெலிந்தவை. கழுத்துகள் கையால் தேய்த்து முடிக்கப்பட்ட காலம் அது. ஒரே ஆண்டில் வந்த இரண்டு கருவிகள்கூடக் கையில் ஒன்றுபோல் இரா. ஒரு தொழிலாளி ஒருநாள் உப்புத்தாளை எங்கே நிறுத்தினாரோ அதையே வேதவாக்கு என்கிறார்கள் நம் அன்பர்கள். லியோ ஃபென்டரோ கழுத்தை உடலோடு ஒட்டவேயில்லை. நான்கு திருகாணிகளால் பிணைத்தார், கழற்றி மாற்றுவது எளிதாகும்படி. எட்டி வான் ஹேலன் பின்புறம் மெருகு பூசாத மரக்கழுத்தையே விரும்பி வாசித்தார்.

அயலூர்ச் சான்றை விடுவோம். நம் வீட்டில் நடந்தது என்ன? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொணர்ந்து, எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். எட்டயபுரம் நமக்குத் தொலைவன்று. ஐரோப்பியர் அந்தக் கருவியைத் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே வைத்து வாசித்தனர். கருவியைத் தாங்குவதில் இடக்கைக்கும் பங்குண்டு. நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, இடக்கையைத் தாங்கும் வேலையிலிருந்து விடுவித்தனர். கம்பிகளின் சுருதியையும் மாற்றிக் கூட்டினர். கமகத்துக்கு வழி பிறந்தது அப்படித்தான். 'செய்தவனுக்குத் தெரியாதா' என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், இன்று கச்சேரி மேடையில் வயலின் இருந்திராது.

வீணைக்கு வருவோம். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. மெழுகை இளக்கி மெட்டுகளை மீண்டும் பொருத்துவது வீணை வைத்திருப்போர் வீட்டில் வழக்கமான காரியம். திருத்தப்படும் என்று தெரிந்தே படைக்கப்பட்ட கருவி அது.

நாகஸ்வரத்தின் கதை இன்னும் கூர்மையானது. திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. அதில் சுத்த மத்திமம் இயல்பாகப் பேசுவதில்லை, உதட்டாலும் மூச்சாலும் வருவிக்க வேண்டியிருந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதைத் தம் விதி என்று ஏற்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு கூடி, நீளமும் துளைகளும் மாறிய பாரி நாயனத்தைச் செம்மைப்படுத்தினார். (பாரி நீண்டது; விரல்களுக்குச் சுகமானது என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே கருவி மாறியது ராகத்துக்காக. ஆயினும் 'தொடாதே' என்ற வாதம் அங்கேயே முறிகிறது.) அந்த நாயனத்தின் நாதம் நம் பக்கம் எப்படிப் பரவியது என்பதற்குத் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ரயிலேறினால் போதும். வழியில் காருகுறிச்சி என்று ஒரு நிலையம் வரும். ராஜரத்தினத்தின் சீடர் அருணாசலம் அந்த ஊர்க்காரர். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் நாயனத்தைக் கேளாத தமிழர் அரியர். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரபுச் சின்னமாக இன்று போற்றப்படும் கருவி, திருத்தப்பட்ட கருவிதான்.

கிதாருக்கே இது நடந்திருக்கிறது. ஜான் மெக்லாலின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 1970களின் நடுவில் சக்தி குழுவுக்காகக் கிப்ஸனின் ஆபிரகாம் வெக்டர் செய்துகொடுத்த கிதாரில், மெட்டுகளுக்கு இடையே மரம் குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தைத் தொடாமல் கம்பியை மட்டும் அழுத்தும். இழுத்தால் வீணைபோல் வளையும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி ஐந்து கம்பிகள் வைத்துக்கொண்டார். இவர்களிடம் போய்க் கையைப் பழக்கு என்று சொல்லும் துணிவு நம் கட்சிக்காரர்களுக்கு உண்டா?

எதிர்த்தரப்பில் ஒருவர் எங்களைக் குற்றாலத்து வழக்கொன்றால் மடக்கப் பார்த்தார். '1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் அமர்ந்துகொண்டு கம்பனைத் திருத்தினாரே, பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினாரே, அதையும் ஒப்புக்கொள்வீர்களா?' என்றார். நல்ல கேள்வி. டி.கே.சி.யின் செவியை வணங்குகிறோம். கம்பன் சொல்லை மாற்றும் உரிமை அவருக்கு இருந்ததென்று நாங்கள் சொல்லமாட்டோம். கம்பன் பாட்டு கம்பனுடையது. நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அதன் வாசகம். கிதார் வாசகமன்று. தந்தம் கட்டிய பழைய எழுத்தாணி கைக்கு ஒவ்வாவிட்டால் கம்பனே அதைச் சீவியிருப்பான். பாடலுக்கும் எழுத்தாணிக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டு மரபு பேசுகிறார்கள்.

விலை குறையும் என்பது மட்டும் உண்மை. 1959ஆம் ஆண்டு லெஸ் பால் ஒன்று உங்கள் பரணில் கிடந்தால் அதைத் தொடாதீர்கள். விற்று வீடு வாங்குங்கள். மற்றவர்களுக்கு இந்தக் கவலை ஏன்?

இழைப்பதற்கு முன் வேறு இரண்டைப் பார்க்கவேண்டும். கம்பிகள் மெட்டிலிருந்து அதிகம் உயர்ந்திருந்தாலும், கழுத்து முன்வளைந்திருந்தாலும் கை வலிக்கும். பாலத்தையும் கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியின் திருகையும் சரிசெய்தாலே பாதி வலி போய்விடும். போகாவிட்டால்தான் மரத்தில் கை வைப்பது. அந்த எஃகுக் கம்பியின் மேல் எவ்வளவு மரம் இருக்கிறது என்று அறியாமல் இழைத்தால் ஒருநாள் அது முதுகில் எட்டிப்பார்க்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் தச்சர்களுக்குப் பஞ்சமில்லை. கிதார் அறியாதவராயினும் மரம் அறிந்தவர்கள். கண்ணாடிச் சில்லால் சுரண்டி நூலிழை நூலிழையாக எடுக்கும் கை அவர்களுடையது. பென்சிலால் கோடிட்டு, இடையிடையே வெர்னியரால் அளந்து, தோள்களை முதலில் குறைக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் எடுத்ததும் நிறுத்தி, கம்பி மாட்டி இரண்டு நாள் வாசித்துப் பாருங்கள். எடுத்த மரத்தை ஒட்டமுடியாது. தலையோடும் உடலோடும் கழுத்து சேருமிடங்களை அப்படியே விட்டுவிடவேண்டும்.

அந்தப் பெண்ணின் கிதாரில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் எடுத்தோம். பளபளப்பு வார்னிஷைத் திரும்பப் பூசவில்லை. ஆனியில் சாரல் இறங்கும்போது ஈரக்கைக்கு அது பிசுபிசுக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருமுறை, நடுவே 400ஆம் எண் உப்புத்தாள். எண்ணெய்ப் பூச்சு ஈரத்தை முழுதும் தடுக்காது. ஆதலால் சாரல் தொடங்கும்போது ஒருமுறையும், முடிந்து காற்று உலர்ந்தபின் ஒருமுறையும் கழுத்தின் வளைவைப் பார்த்துத் திருகைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறோம்.