பாடும் நாமே பதிவும் செய்வோம்

பெண் குழந்தை பாடினால் வீடு மகிழ்கிறது. விருந்தினர் வந்தால், "எங்கே, ஒரு பாட்டுப் பாடம்மா" என்று முன்னால் நிறுத்தி வைக்கிறது. அதே குழந்தை வீட்டிலுள்ள டேப் ரிக்கார்டரின் மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாலோ, "உனக்கெதற்கு இந்த வேலை? அண்ணன் வரட்டும்" என்று குரல் எழுகிறது. பள்ளி விழாக்களிலும் இதே நிலைதான். மேடையில் பாடுபவர்கள் மாணவியர். ஆடுபவர்கள் மாணவியர். வரவேற்புரை சொல்பவரும் மாணவியே. மேடைக்குப் பக்கத்தில் அமர்ந்து மைக் செட்டின் குமிழ்களைத் திருகுபவர் மட்டும் வெளியிலிருந்து வரும் ஓர் ஆண். பாடத் தெரிந்த நமக்கு அந்தப் பாட்டைப் பதிவு செய்யவும் தெரிய வேண்டாமா? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டு மலரின் வாயிலாகக் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

ஒலிப்பதிவு பெண்களுக்கு ஒத்துவராத தொழில் என்று எண்ணுவோர், மூன்று பெண்மணிகளின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது.

முதலாமவர் இங்கிலாந்து நாட்டு டாஃப்னி ஓரம். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் அவர் பி.பி.சி. வானொலியில் பணிக்குச் சேர்ந்தார். பகலில் பணி முடித்து, இரவில் நிலையம் ஓய்ந்த பிறகு, ஒலிநாடாக் கருவிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு சோதனைகள் செய்தார். 1958-இல் பி.பி.சி. தொடங்கிய ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்னும் ஒலிக்கூடத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டே அப்பணியை விட்டு, கென்ட் பகுதியில் தாம் குடியிருந்த வீட்டையே ஒலிக்கூடமாக்கிக் கொண்டார். படச்சுருளின் மீது கோடுகளை வரைந்தால் அவற்றை இசையாக மாற்றித் தரும் ஓர் இயந்திரத்தை அங்கே படைத்தார்.

இரண்டாமவர் டெலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்று 1959-இல் பட்டம் பெற்றவர். வேலை கேட்டுச் சென்ற இசைத்தட்டு நிறுவனம் ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியது. பின்னர் பி.பி.சி.யில் சேர்ந்த அவர், ரான் கிரைனர் எழுதிய மெட்டை வைத்து 1963-இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை உருவாக்கினார். சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவிகள் கடைகளில் கிடைக்காத காலம் அது. ஆகவே ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஒலிநாடாவில் பதிந்து, பிளேடால் வெட்டி, அளந்து ஒட்டினார். ஒரு பழைய உலோக விளக்கு மூடியைத் தட்டி எழுந்த ஓசையைக்கூட அவர் வேறொரு படைப்பில் இசையாக்கினார். ஆனால் அந்தத் தொடரின் திரையில் அவருடைய பெயர் முதன்முதலாகத் தோன்றியது 2013-இல்தான். அவர் இறந்தது 2001-இல். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன.

மூன்றாமவர் நம் நாட்டவர். அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மின்னணு இசைக்கூடம் ஒன்று அமைவதற்கும் அவர் துணை நின்றார். அங்கே தாமும் இசை படைத்தார். அந்த நாடாக்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

இவர்கள் யாவரும் பெரிய கூடங்களில் இருந்தவர்கள். நம் வீட்டில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையவே செய்யலாம் என்பது எங்கள் அனுபவம். விடுமுறையில் நாங்கள் நால்வர் சேர்ந்தோம். எங்களிடம் இருந்தவை ஒரு தாத்தாவின் பழைய டேப் ரிக்கார்டர், அதனுடன் ஒரு கம்பி மைக், ஒருவருடைய அத்தை இரவல் தந்த கையடக்க டிஜிட்டல் ரிக்கார்டர், ஒரு கணிப்பொறி. இவ்வளவே.

மைக்கின் உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. நம் குரல் பட்டு அது அதிரும்போது, அதனோடு ஒட்டிய கம்பிச் சுருள் ஒரு காந்தத்தின் நடுவே ஆடுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பாடப்புத்தகத்தில் மின்காந்தத் தூண்டல் என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான்! கேசட்டை எடுத்துக்கொண்டால், 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்தது அது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் நாடாவின் நீளம் எவ்வளவு? பெருக்கிப் பார்த்தோம், ஏறக்குறைய 86 மீட்டர் வந்தது. கணக்கு வகுப்பில் இவ்வளவு ஆவலோடு நாங்கள் பெருக்கியதில்லை.

பிறகு கேட்கத் தொடங்கினோம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடினால் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது. நான்கு முழம் தள்ளி வைத்தால் குரலைவிடச் சுவர்களின் எதிரொலியே மிகுதியாக விழுகிறது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும் என்பது விதி. அறையின் எதிரொலியைக் குறைக்கக் கொடியில் கம்பளி தொங்கவிட்டோம். புடைவைகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னே நின்று பாடியபோது, குரல் இன்னும் தெளிவாக விழுந்தது. வேறொரு வியப்பும் காத்திருந்தது. பதிவில் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரமும், மின்விசிறியின் இரைச்சலும், தெருக்கோடி நாயின் குரைப்பும் இருந்தன. அவை என்றும் இருப்பவைதாம், நாம் கேட்பதில்லை. நம் சொந்தக் குரலும் பதிவில் அந்நியமாக ஒலிக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் நம் செவிக்கு வருகிறது. மைக்கிற்கோ காற்று வழி ஒன்றே. பிறர் நம்மை எப்படிக் கேட்கிறார்கள் என்பதை அதுதான் சொல்கிறது.

ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கரண்டியால் தட்டினோம். தண்ணீர் ஏற ஏற ஒலி தாழ்ந்தது. அதே புட்டியின் வாயில் ஊதினால், தண்ணீர் ஏற ஏற ஒலி உயர்ந்தது. தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீரின் பாரம் அதை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. காற்றுத் தம்பம் குறுகினால் சுருதி கூடும். இரண்டையும் பதிந்து, அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் இந்த வேறுபாடு எங்களுக்கு விளங்கியது.

கணிப்பொறியில் சோனிக் பை என்றொரு நிரல் மொழி உண்டு. மாணவர்கள் கற்பதற்கென்றே கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் என்பவர் உருவாக்கியது, விலை இல்லை. அதில் 60 என்ற எண்ணை இசைக்கச் சொன்னால் ஒரு சுரம் ஒலிக்கும். அதைச் சட்ஜமாகக் கொண்டு 60, 62, 64, 65, 67, 69, 71, 72 என்று வரிசையாக எழுதினால் சங்கராபரணத்தின் ஆரோகணம் வருகிறது. 62-ஐ 61 ஆகவும், 69-ஐ 68 ஆகவும் மாற்றினால் அதுவே மாயாமாளவகௌளை, அதாவது பாட்டு வகுப்பில் முதன்முதலில் நாம் படிக்கும் இராகம். எட்டு எட்டாகச் சுழலச் செய்தால் ஆதி தாளத்திற்கும் பொருந்துகிறது. ஆனால் கமகம் அவ்வளவு எளிதில் வரவில்லை. எண்களுக்கு இடையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், நம் பாட்டு ஆசிரியை அதை ஒரே மூச்சில் எப்படிப் பாடிக் காட்டுகிறார் என்பதையும் எண்ணி வியந்தோம்.

இதெல்லாம் விளையாட்டு என்று தோன்றலாம். விளையாட்டாகத் தொடங்கினாலும் இதில் ஓர் அவசரம் இருக்கிறது. பல வீடுகளில், பீரோவின் அடித்தட்டில், பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்த்த தாத்தா கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் ஒன்று எங்களில் ஒருத்தியின் வீட்டில் இருந்தது. வீட்டுத் திருமணத்தில் பெண்கள் பாடிய நலங்குப் பாட்டு, கொள்ளுப்பாட்டியின் தாலாட்டு ஆகியவையும் இப்படிச் சில வீடுகளில் உண்டு. ஈரக்காற்றில் நாடாவின் மேற்பூச்சு உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. அதைவிட விரைவாக, அதை ஓட்டும் கருவிகள் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறுகின்றன. கேசட் இருந்து கருவி இல்லாவிட்டால், அந்தக் குரல் இருந்தும் இல்லாததே. தாத்தாவின் கேசட்டின் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தக்கைகளை முதலில் உடைத்தோம். அப்படிச் செய்தால் தவறுதலாகவும் அதன்மேல் வேறு எதுவும் பதியாது. தொய்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கினோம். டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கணிப்பொறிக்குக் கம்பி கொடுத்து முழுவதையும் மாற்றினோம். தாத்தாவின் குரல் வந்ததும், சமையலறையிலிருந்த பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கீழே உட்கார்ந்தார். அவர் எதுவும் பேசவில்லை. முடியும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

பெற்றோரின் அச்சங்களை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். "பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இது எதற்கு?" என்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணியில் படித்த ஒலியியலும் மின்காந்தமும் எளிதில் மறக்கமாட்டா. "மின்சாரம் ஆபத்தானது" என்பார்கள். உண்மை. ஆகவே சுவர்ச் செருகியை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் கருவிகளையே கையாளுகிறோம். பெரியவர் துணையின்றி எதன் உள்ளேயும் கை வைப்பதில்லை. "போனைக் கையில் கொடுத்தால் பெண் கெட்டுவிடுவாள்" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய அச்சம். அன்புள்ள பெற்றோர்களே, டேப் ரிக்கார்டருக்கு இணையம் தெரியாது. கையடக்க ரிக்கார்டருக்கு யாரும் அழைப்பு அனுப்ப முடியாது. போனே ஆனாலும் சிம் அட்டையை எடுத்துவிட்டு, வீட்டின் வைஃபையையும் நிறுத்திவிட்டால், அது வெறும் ஒலிப்பதிவுக் கருவிதான். கருவியை மறைத்து வைப்பதைவிட, அதை நல்லதற்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது அன்றோ நிலையான காவல்?

மாணவியராகிய நமக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒருவர் அறியாமல் அவர் பேச்சைப் பதிவு செய்வது திருட்டுக்கு ஒப்பானது. தோழியின் குரலைப் பதிந்து கேலிக்காகப் பிறருக்கு அனுப்புவது அதனினும் கொடிது. கேட்டு, இசைவு பெற்று, பதிந்ததை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுவது என்பதை நாங்கள் எங்களுக்குள் விதியாக வைத்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவை. நம் அருட்சகோதரியர், மாதம் ஒரு சனிக்கிழமை இசை அறையை ஒரு மணி நேரம் ஒலிப்பதிவுப் பயிற்சிக்குத் தர வேண்டும். மைக் செட்காரர்களிடம் நமக்குச் சண்டை இல்லை, அவர்கள் அனுபவசாலிகள். அடுத்த ஆண்டு விழாவில் அவர் பக்கத்தில் இரு மாணவியர் அமர்ந்து வேலை கற்றுக்கொள்ள இசைவு வேண்டும். பெற்றோர் பழைய டேப் ரிக்கார்டரை எடைக்குப் போடுமுன் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தோழியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் இசைவு கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அவருடைய ஊர், அவர் சிறுமியாக இருந்தபோது விளையாடிய விளையாட்டு, அவர் தம் தாயிடம் கேட்ட தாலாட்டு இவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். முடிவில் பெயரையும் நாளையும் சொல்லிப் பதியுங்கள். பாட்டியின் பெயரோடு, பதிவு செய்தவள் என்று உங்கள் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.