எண்ணிப் பார்த்து எழுதுவோம்

அணுசக்தி என்றதும் நம் நினைவுக்கு வருவன குண்டும் மின்சாரமும்தான். ஒரு காலத்தில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த பேசின் பிரிட்ஜில் வாழும் நாம் மின்சாரத்தை நினைப்பது இயல்பே. ஆனால் அவ்விரண்டுக்கும் முன்னதாக, ஆய்வுக்கூடத்தில் பொறுமையாக அளக்கும் வேலை ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை என்பது என் குறை.

1932-இல் சாட்விக் கண்டறிந்த நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஆகவே கருவியில் அது நேராகச் சுவடு பதிக்காது. வேறோர் அணுக்கருவில் அது செய்த மாற்றத்தைக் கொண்டே அதை அறிய வேண்டும். இதற்குக் கைகொடுப்பது எது தெரியுமா, தோழியரே? தங்கம்! மெல்லிய தங்கத் தகட்டை எடைபோட்டு, நியூட்ரான் பாயும் இடத்தில் குறித்த நேரம் வைக்கிறார்கள். நியூட்ரானை விழுங்கிய தங்க அணுக்கள் தங்கம்-198 ஆகின்றன. 2.7 நாளில் அவற்றுள் பாதி பாதரசமாகிவிடும். (நகைக்கடைக்காரர் கேட்டால் பதறிப்போவார்!) அப்போது வெளிப்படும் காமாக் கதிர்களை ஜெர்மேனியக் கருவியால் எண்ணி, பாய்ந்த நியூட்ரான்களைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு தெரிந்தால், அதே இடத்தில் வைத்த வேறொரு தனிமம் நியூட்ரானை எவ்வளவு எளிதில் விழுங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி உலையின் திறன் 30 கிலோவாட்தான். மின்சாரம் தருவதற்கன்று, ஆய்வுக்கு நியூட்ரான் தருவதற்கே அது அமைக்கப்பட்டது. அதன் எரிபொருள் யுரேனியம்-233. தோரியம் நியூட்ரானை விழுங்கிப் புரோட்டாக்டினியமாகி, அதிலிருந்து இந்த யுரேனியம் பிறக்கிறது. புரோட்டாக்டினியத்தில் பாதி மாறவே 27 நாள் ஆகும். அதற்குள் அது இன்னொரு நியூட்ரானை விழுங்கினால், கிடைக்க வேண்டிய யுரேனியம் போயிற்று! எத்தனைக்கு எத்தனை அப்படிப் போகும்? மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதை மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமை பலிப்பது இத்தகைய எண்களைப் பொறுத்தது. அவற்றை ஊகித்து எழுத முடியாது.

நம் வயதுப் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறோம்? தனி ஊசல் சோதனையில் 9.8 வராவிட்டால் அழித்துவிட்டு, அக்காமாரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. இதை நான் ஒப்பமாட்டேன். 10,000 எண்ணிக்கை கிடைத்தால் அதில் ஏறத்தாழ 100 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அணு ஆய்வாளரே சேர்த்து எழுதுகிறார். 9.6 வந்தவள் 9.6 என்றே எழுதட்டும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஏன் அப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் போதும். நூலைக் குண்டின் மையம்வரை அளந்தோமா, கொக்கியோடு நிறுத்திவிட்டோமா என்று அப்போதுதான் அவள் திரும்பிப் போய்ப் பார்ப்பாள்.