உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிகிறதா?

"டாக்டரம்மா, தரையில உட்கார்ந்தா கையை ஊனாம எழுந்திருக்க முடியலை. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கக்கூட பையனைக் கூப்பிட வேண்டியிருக்கு. மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு. இனிமே இப்படித்தானா?"

ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கண் கலங்கக் கேட்டார். கூட வந்த மாமியார், "வயசானா எல்லாருக்கும் இதுதான்!" என்று முடித்துவிட்டார்.

அது பாதிதான் உண்மை, சகோதரிகளே.

முப்பது வயதைத் தாண்டியதும் பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கிறது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் ஹார்மோன் தலையில் போடலாமா? அந்தப் பெண்மணியைத் துருவிக் கேட்டேன். நாற்பது வயதில் மாதாமாதம் அதிக ரத்தப்போக்கு; ரத்தசோகைக்கு வைத்தியமே செய்துகொள்ளவில்லை. பிறகு முழங்கால் வலி என்று நடப்பதை நிறுத்திவிட்டார். இரவில் குப்பென்று வியர்த்துத் தூக்கம் போயிற்று. பருப்பும் முட்டையும் எல்லாருக்கும் பரிமாறி மிஞ்சினால்தான் இவருக்கு! ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டியும் குறைவு. ஆக, பலம் குறைய ஆரம்பித்தது மாதவிலக்கு நிற்பதற்கு வெகு முன்பே.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடிக்குள் முடியாவிட்டால் கால் பலம் போதாது. அவருக்கு 17 விநாடி ஆயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐம்பத்தாறு வயதான எனக்கு 13!

என்ன செய்யலாம்? வாரம் மூன்று நாள், நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலை உயர்த்துங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குங்கள். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்டுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில், 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் சுமார் 50 கிராம் புரோட்டீன் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"இந்த வயசுக்கு மேலயா?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், தொண்ணூறு வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டதாம். 1990-இல் வெளியான ஆராய்ச்சி இது.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்மணி வந்தார். ஜாடி மூடிக்கு இன்னமும் பையன்தானாம். ஆனால் தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு கையை லேசாக ஊன்றி எழுந்து காட்டினார். பக்கத்தில் நின்ற மாமியார் கேட்டார்: "டாக்டரம்மா, நானும் செய்யலாமா?"

தாராளமாக!