மார்கழிக்கு ஒரு சென்ட்!

குளிர்காலத்துக்கென்றே தனி சென்ட் உண்டு, தெரியுமா? கொஞ்சம் வெனிலா, கொஞ்சம் பவுடர் வாசனை, தூக்கலாகத் தித்திப்பு. போட்டுக்கொண்டால் ஸ்வெட்டர் மாதிரி கதகதப்பாம். நல்லது. எந்த ஊர்க் குளிருக்கு?

பாரிஸ் குளிருக்கு. 1925-ல் கெர்லேன் கம்பெனி கொண்டுவந்த ஷாலிமார்தான் இந்த வகையறாவுக்குப் பாட்டி. பேர் மொகலாயத் தோட்டத்துடையது. மூக்கு மட்டும் ஐரோப்பா.

காரணம் சாதாரண விஞ்ஞானம். எலுமிச்சை வாசனை சட்டென்று பறந்துவிடும். வெனிலா கனம், மெதுவாகத்தான் கிளம்பும். குளிரில் தோலோடு அடக்கமாக நிற்கும். சூடு பட்டால் பொங்கிவிடும். நமக்கோ ஜனவரிப் பகலே 30 டிகிரியை எட்டிப் பார்க்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ரயிலில் வந்திறங்கி, ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு மார்கழிப் பனி ஏழு, ஏழரை மணிவரைதான். அந்த நேரத்துக்கு இந்த சென்ட் பிரமாதம், மறுக்கவில்லை. குளித்துப் பவுடர் போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் பஸ் வந்து, ஜன்னலையெல்லாம் சாத்தி, ஐம்பது பேர் நெருக்கி உட்கார்ந்த பிறகு? நாலு ஸ்ப்ரே அடித்தவர் ஒருத்தர் போதும். பக்கத்து சீட்காரருக்கு வெறும் வயிற்றில் குலோப்ஜாமூன் ஜீராவைக் குடித்தாற்போல் குமட்டும். பாவம், ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகவா முடியும்?

பருவத்துக்கு ஒரு வாசனை என்பதே அந்நியச் சரக்கு என்று சண்டைக்கு வராதீர்கள். நெடுநல்வாடையைப் புரட்டுங்கள். வாடை வந்ததும் சந்தனத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். பெண்கள் கூந்தலுக்கு அகிலோடு வெள்ளயிர் சேர்த்துப் புகை போடுகிறார்கள். வெள்ளயிர் என்றால் கண்டசர்க்கரை என்பது பழைய உரை. புகையும் தித்திப்பும்! அசல் குளிர்கால சென்ட். ஒரே வித்தியாசம், அவர்கள் காற்றைப் பார்த்து முடிவு செய்தார்கள். நாம் கடைக்காரரின் காலண்டரைப் பார்க்கிறோம்.

எனவே, ஏ.ஸி. கடையில் காகிதத் துண்டை முகர்ந்துவிட்டுப் பர்ஸைத் திறக்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு துளி போடச் சொல்லுங்கள். வெளியே வந்து வெயிலில் நடங்கள். பஸ் ஏறுங்கள். சாயங்காலமும் பிடித்திருந்தால் வாங்குங்கள். வாங்கினாலும், சட்டைக்கு உள்ளே ஒரே ஒரு ஸ்ப்ரே.

காசு கொடுப்பது நீங்கள். நாள் முழுக்க முகரப் போகிறவர் பக்கத்து சீட்காரர். அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்.